மயில், மஞ்ஞை, தோகை: ஒரு பறவைப் பெயரின் பின்னால் மயிலாப்பூரிலிருந்து இடையன்குடி வரை

நாள் 1: மயிலாப்பூர்

மயில் என்ற சொல்லை ஊர் ஊராகத் தேடிப் போவதென்றால் மயிலாப்பூர்தான் வசதியான தொடக்கம். பறக்கும் ரயிலில் வந்தால் நிலையத்தின் பெயர் திருமயிலை. வெளியே வந்து பேருந்துப் பலகையைப் பார்த்தால் மயிலாப்பூர். ஆட்டோக்காரர் வாயில் அது மைலாப்பூர். மூன்றுக்குள்ளும் இருப்பது ஒரே பறவை.

இவற்றில் எழுத்துச் சான்றால் மூத்தது மயிலை. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய பூம்பாவைப் பதிகம் "மட்டிட்ட புன்னையங் கானல் மடமயிலை" என்று தொடங்குகிறது. மயில் என்பதோடு ஐ சேர்ந்து ஊர்ப்பெயராகி நிற்கிறது. மயிலாப்பூர் என்ற நீண்ட வடிவத்தை மயில் + ஆர்ப்பு + ஊர் என்று பிரிப்பார்கள். ஆர்ப்பு என்றால் ஆரவாரம். மயில்கள் கத்திக்கொண்டிருந்த ஊர் என்று பொருள்.

இரண்டாம் நூற்றாண்டுப் புவியியலாளர் தாலமி கிழக்குக் கரையில் குறிக்கும் 'மலியார்ப்பா' என்ற வணிகத் துறை இந்த ஊர்தான் என்பது பலரும் ஏற்கும் அடையாளம். 'ஆர்ப்பு' அதில் அப்படியே ஒலிக்கிறது என்பது உண்மைதான். ஆனால் மயில் 'மலி' ஆனது எப்படி என்பதற்குப் படியெடுத்தவர்களின் கைப்பிழையைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. ஊரை அடையாளம் காண மலியார்ப்பா போதும். மயில் என்ற சொல்லின் வயதை அளக்க அதை அளவுகோலாக எடுக்கக் கூடாது.

கபாலீசுவரர் கோயிலுக்குக் காலை 6 மணியிலிருந்து 8 மணிக்குள் போவது நல்லது. நண்பகலில் நடை சாத்தினால் மாலை 4 மணி வரை காத்திருக்க வேண்டியதுதான். பங்குனி அறுபத்துமூவர் நாளில் போனால் தேரும் கூட்டமும் கிடைக்கும். பார்க்க வந்த சிற்பம் கிடைக்காது. பார்க்க வேண்டியது பிராகாரத்தில் புன்னை மரத்தடியில் இருக்கும் சிறிய சன்னதி. அம்மை மயிலுருவில் இலிங்கத்தை வழிபடும் காட்சி அங்கே இருக்கிறது. பதிகம் கடலலை பாடுகிறதே, கோயில் கடலை விட்டு இவ்வளவு தள்ளி இருக்கிறதே என்று கேட்டால், பழைய கோயில் கரையோரம் இருந்தது. போர்த்துகீசியர் காலத்தில் அது அழிந்தபின் உள்ளே தள்ளிக் கட்டியது இது.

அந்தச் சன்னதியில் கவனிக்க வேண்டியது ஒன்று. கதைப்படி அம்மை எடுத்த உருவம் பெண்மயில். பெண்மயிலுக்கு நீண்ட தோகை கிடையாது. பழுப்பு முதுகு, வெள்ளை வயிறு, கழுத்தில் மட்டும் கொஞ்சம் பச்சை மினுக்கு. நாட்காட்டிப் படங்களில் அம்மைக்குத் தோகை வரைந்துவிடுகிறார்கள். கதைக்கு அது பொருந்தாது. பெயருக்கும் பாலுக்கும் இடையில் இருக்கும் இந்த இழுபறி விராலிமலையில் மறுபடி வரும்.

நாள் 2: மயிலாடுதுறை

எழும்பூரிலிருந்து விழுப்புரம், சிதம்பரம் வழியாக ரயிலில் ஏறக்குறைய 5 மணி நேரம். பயணச்சீட்டில் நிலையக் குறியீட்டைப் பாருங்கள்: எம்.வி. என்று இருக்கும். மாயவரத்தின் சுருக்கம் அது. ஊர்ப்பெயர் மாறியும் குறியீடு மாறவில்லை.

இந்த ஊரின் பெயர் வரலாறு, மயில் என்ற சொல் வடமொழிக்குப் போய்த் திரும்பி வந்த வழியைச் சிறிய அளவில் நடித்துக் காட்டுகிறது. சம்பந்தரும் அப்பரும் பாடியது 'மயிலாடுதுறை'. பின்னாளில் அது 'மாயூரம்' ஆனது: மயிலுக்கு வடமொழியில் மயூரம், அதன் வழியே மாயூரம். மாயூரம் மக்கள் வாயில் 'மாயவரம்' ஆனது. மாயவரத்தைக் கேட்டவர்களுக்குப் பறவை நினைவுக்கு வராது. மாயமும் வரமும்தான் வரும். 1982-இல் அரசு ஆணையால் தேவாரப் பெயரே திரும்ப வந்தது. 2020-இல் தனி மாவட்டமானபோதும் அதே பெயர். ஆனாலும் "ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகுமா" என்ற பழமொழியில் மயிலாடுதுறையைப் பொருத்த முடியாது. ஆயிரம், மாயூரம் என்ற ஓசைப் பொருத்தம் அந்தப் பெயரைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

சொல்லின் கதைக்கு வருவோம். மயூரத்திலிருந்து மயிலா, மயிலிலிருந்து மயூரமா? பலர் நினைப்பது முதலாவது. சான்றுகள் காட்டுவது வேறு திசை.

மயூரம் வடமொழியில் பழைய சொல்தான். இருக்கு வேதத்திலேயே இந்திரனின் குதிரைகளுக்கு மயில் போன்ற மயிர் என்ற வருணனை உண்டு. நஞ்சு நீக்கும் இருபத்தொரு பெண்மயில்களும் அதில் வருகின்றன. ஆனால் வடமொழியின் உறவு மொழிகளான பாரசீகத்திலோ கிரேக்கத்திலோ இலத்தீனிலோ இதற்கு இனச்சொல் இல்லை. பறவை இந்தியத் துணைக்கண்டத்தது; இங்கே வந்தபின் கேட்ட பெயரை எடுத்துக்கொண்டார்கள் என்பதே இயல்பான விளக்கம். கேட்டது யாரிடம் என்பதில் இரண்டு கட்சி உண்டு. திராவிட மொழிகளில் தமிழ், மலையாளம் மயில், துளு மைரு. கோண்டி, குயி போன்ற நடு இந்திய மொழிகளிலும் ம-வில் தொடங்கும் உறவுச் சொற்கள் இருக்கின்றன. சந்தாலி போன்ற முண்டா மொழிகளில் 'மரக்' என்பது போன்ற வடிவம். திராவிடத்துக்கு ஆதரவான கை ஓங்கியிருக்கிறது. இருந்தாலும் முண்டா வடிவத்தைக் காணாததுபோல் கடந்து போவது நேர்மை ஆகாது.

வடமொழி இலக்கணிகள் சொல்லும் விளக்கங்களும் இந்தப் பக்கம்தான் சாய்கின்றன. "நிலத்தில் நின்று கத்துவது" என்று ஒருவர் பிரிப்பார். "ஊறு செய்வது" என்ற வினைவேரிலிருந்து, பாம்பைக் கொல்வதால் இந்தப் பெயர் என்று இன்னொருவர் சொல்வார். ஒரே சொல்லுக்கு ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு வேர் சொல்லப்பட்டால், பெயர் முன்னால் வந்தது, வேர் பின்னால் தேடப்பட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பேச்சு மொழிகளில் அது மேலும் தேய்ந்தது. அசோகரின் முதல் பாறைக் கட்டளையில், அரண்மனைச் சமையலுக்கு நாள்தோறும் கொல்லப்படுவது இரண்டு மயிலும் ஒரு மானும் என்று குறைத்த செய்தி வருகிறது. கிர்நார் பாறையில் அந்த இடத்தில் 'மோரா'. வடமேற்கே ஷாபாஸ்கர்ஹியில் 'மஜுர'. ஒரே ஆணை, ஒரே காலம், இரண்டு ஒலி. இந்தியின் மோர் அந்த முதல் வடிவத்தின் வழி வந்தது. சிங்களத்தின் மொணராவும் இதே கூட்டத்துச் சொல்.

தெலுங்கு நெமலி, கன்னடம் நவிலு என்பவை தனிக் கூட்டம். இவற்றை இழுத்து மயிலோடு ஒட்ட வேண்டாம். தமிழ் நிகண்டுகள் மயிலுக்குத் தரும் பெயர்களில் 'நவிரம்' ஒன்று உண்டு. நவிலுக்கு உறவு தேடினால் அந்தப் பக்கம் தேடலாம்.

மயூரநாதர் கோயிலிலும் கதை பெண்மயில் கதைதான். தக்கன் வேள்விக்குப் போன பழியால் அம்மை மயிலாகப் பிறந்து இங்கே வழிபட்டாள், இறைவனும் மயிலாகி ஆடினான் என்பார்கள். ஐப்பசி துலா முழுக்கு நாட்களில் ஊரில் தங்க இடம் கிடைக்காது. தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு ரயில் பிடித்துவிடலாம்.

நாள் 3: விராலிமலை

திருச்சியிலிருந்து மதுரைச் சாலையில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். மதுரை செல்லும் இடைநில்லாப் பேருந்துகள் நான்குவழிச் சாலையிலேயே பறந்துவிடும். "விராலிமலை ஊருக்குள்ள போகுமா" என்று ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுவிட வேண்டும்.

மயிலுக்குப் பேர்போன இந்த மலையின் பெயரில் மயில் இல்லை என்பது ஒரு வேடிக்கை. விராலி ஒரு புதர்ச்செடி. அது மண்டிய மலை.

பறவையைப் பார்க்க விடியல் தொடங்கி 8 மணி வரை, பிறகு மாலை 4 மணிக்கு மேல். நடு வெயிலில் புதருக்குள் ஒதுங்கிவிடும். மாதமும் முக்கியம். தென்னிந்தியாவில் இணைசேரும் உச்ச காலம் ஏப்ரல், மே. ஆகஸ்டு வாக்கில் ஆண்மயில் தோகையை உதிர்த்துவிடும். செப்டம்பரில் வந்து "எல்லாம் பெண்மயிலா இருக்கே" என்று ஏமாறுகிறவர்கள் பார்ப்பது தோகை உதிர்ந்த ஆண்மயில்களையும் சேர்த்துத்தான். அடையாளம் கழுத்தில் இருக்கிறது: அடர் நீலம் என்றால் ஆண், பச்சை என்றால் பெண். தோகை இல்லாவிட்டாலும் இது மாறாது. இரண்டு மூன்று வயது இளம் ஆணுக்குத் தோகை குட்டையாக இருக்கும். முழு நீளம் வர நான்காவது வயது ஆகும்.

இனி உறுப்புகளும் பெயர்களும். இங்கேதான் சொல்லாராய்ச்சியில் பாதிப் பிழைகள் முளைக்கின்றன.

தோகை வால் அல்ல. வாலின் மேற்புறத்தை மூடும் இறகுகள் நீண்டு வளர்ந்ததே தோகை. ஏறக்குறைய 150 முதல் 200 இறகுகள், நீளம் ஒன்றரை மீட்டர் வரை. உண்மையான வால் அதற்கு அடியில் 20 குட்டையான பழுப்பு இறகுகளாக இருக்கிறது. மயில் விரித்து ஆடும்போது பின்புறமாகச் சுற்றிப் போய்ப் பாருங்கள். இந்தப் பழுப்பு வால்தான் விசிறிபோல் நிமிர்ந்து, தோகையின் பாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். படம் எடுப்பவர்கள் எல்லோரும் முன்னால் நிற்பதால் இதைக் காண்பவர் குறைவு.

தோகையின் ஒற்றை இறகு பீலி. அதன் நுனி வட்டம் கண். எல்லா இறகிலும் கண் இருக்காது. ஓரங்களில் வருபவை மீன்வால்போல் பிளந்து முடியும், விரித்த வட்டத்துக்கு விளிம்பு கட்டுவது அவைதான். தலைமேல் இருப்பது கொண்டை. கம்பிபோன்ற காம்புகளின் நுனியில் மட்டும் சிறு விசிறி. கலாபம் என்ற வடசொல்லையும் தோகைக்கு எழுதுவார்கள், பேச்சில் வராது. மயில் கத்துவதற்குத் தமிழில் தனி வினை இருக்கிறது: அகவும். குயிலானால் கூவும். மயில் கூவியது என்று எழுதினால் தமிழ் ஆசிரியர் சிவப்பு மையைத் திறந்துவிடுவார்.

பீலியைக் கையில் எடுத்து வானத்தை நோக்கிப் பிடித்துப் பார்த்தால் நீலமும் பச்சையும் மங்கிப் பழுப்பு தெரியும். அந்த நிறங்களுக்குச் சாயம் இல்லை; இறகின் நுண்ணிழைகளில் பழுப்பு நிறமிக் குச்சிகள் அடுக்கியிருக்கும் இடைவெளியே ஒளியைப் பிரித்து நிறம் காட்டுகிறது. உதிர்ந்த இறகா, பிடுங்கியதா என்பதற்குக் காம்பின் அடியைப் பாருங்கள். தானாக உதிர்ந்ததன் அடி காய்ந்து, வெளுத்து, சுத்தமாக இருக்கும். இரத்தக் கறையோ சதைப் பிசிறோ இருந்தால் தொடாதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. இயல்பாக உதிர்ந்த இறகை நாட்டுக்குள் வைத்திருக்கவும் விற்கவும் விலக்கு உண்டு, ஏற்றுமதிக்குத் தடை. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் பெட்டிக்குள் வைத்து விமான நிலையத்தில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

பீலி பழைய வணிகப் பொருள். "பீலிபெய் சாகாடும் அச்சிறும்" என்ற குறளில் வண்டி நிறைய ஏறுவது அதுதான். ஔவையார் தொண்டைமானின் ஆயுதக் கொட்டிலைக் கண்டு சொன்னதும் "இவ்வே, பீலி அணிந்து மாலை சூட்டி" என்று. இந்த இரண்டு வரியையும் நினைவில் வையுங்கள், இடையன்குடியில் வேலை இருக்கிறது.

பால் குறித்த இழுபறிக்கு வருவோம். தொல்காப்பிய மரபியல் ஆண்பறவைகளுக்கெல்லாம் சேவல் என்ற பெயரைக் கொடுத்துவிட்டு, ஒரே ஒரு பறவையை விலக்குகிறது: "சேவற் பெயர்க்கொடை சிறகொடு சிவணும் மாயிருந் தூவி மயிலலங் கடையே." சிறகுடைய எதற்கும் சேவல் என்ற பெயர் பொருந்தும், மயில் நீங்கலாக. தோகையால் வந்த பெண்சாயல்தான் காரணம் என்பது உரை மரபு. ஆண்மயிலுக்கு வேறு பெயர் கொடுக்கிறது அதே நூல்: போத்து. பெண்மயிலுக்கு, கோழிக்கும் கூகைக்கும் உரிய 'அளகு' என்ற பெயரும் ஆகும் என்கிறது.

ஆக, தோகை வைத்திருப்பது ஆண். தோகை என்று கவிஞர்கள் அழைப்பது பெண்ணை. அந்தத் தோகையாலேயே ஆணுக்குச் சேவல் பட்டம் மறுப்பு. உயிரியல் ஒருபக்கம், வழக்கு மறுபக்கம். அன்றாடப் பேச்சிலும் "மயிலு மாதிரி வந்தா" என்பது பெண்ணைத்தான்.

மலையேறும்போது உணவுப் பொட்டலத்தைக் கையில் பிடிக்காதீர்கள், குரங்குகள் விடாது. மயிலுக்கு அரிசி தூவுவதும் வேண்டாம். கூச்சம் போன மயில் நேரே வயலுக்கு இறங்கும். நெல், நிலக்கடலை போடுகிற உழவர்களுக்கு மயில் இன்று அழகுப் பறவை அல்ல, தீராத தலைவலி. இந்த மலை முருகனுக்குச் சுருட்டு படைப்பது ஊரறிந்த வழக்கம். மயிலுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

நாள் 4: பழனி

விராலிமலையிலிருந்து மணப்பாறை, திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழி. நேர்ப் பேருந்துக்குக் காத்திருப்பதைவிடத் திண்டுக்கல்லில் மாறுவது எளிது. மலைக்கோயிலுக்குள் கைபேசி கொண்டுபோக முடியாது, அடிவாரத்திலேயே ஒப்படைத்துவிட்டு ஏற வேண்டும்.

முருகனின் மயிலுக்காகப் பழனிக்கு வருவோர் பலர். சொல்லைத் தேடி வருபவருக்கு இது பேகன் நாடு. ஆவியர் குடித் தலைவன் பேகன். மலையின் சங்ககாலப் பெயர் பொதினி. அடிவாரத் திருஆவினன்குடியில் ஆவி இன்னும் இருக்கிறது. மயிலுக்கு ஆடை கொடுத்த கதை பள்ளிப் பாடத்தில் எல்லோரும் படித்ததுதான். பாட்டில் அந்தப் பறவைக்கு என்ன பெயர் என்று பார்த்தவர் குறைவு.

புறநானூறு 141, பரணர் பாட்டு: "உடாஅ போரா ஆகுதல் அறிந்தும் படாஅம் மஞ்ஞைக்கு ஈத்த எங்கோ." உடுத்தாது, போர்த்திக்கொள்ளாது என்று தெரிந்தே கொடுத்தான். பெயர்: மஞ்ஞை. நான்கு பாட்டுத் தள்ளி 145, அதே பரணர், அதே பேகன், அதே கொடை: "மடத்தகை மாமயில் பனிக்கும்என் றருளிப் படாஅம் ஈத்த." இங்கே மயில். சிறுபாணாற்றுப்படை "கான மஞ்ஞைக்குக் கலிங்கம் நல்கிய" என்கிறது. மஞ்ஞைக்கு ஒரு பொருள், மயிலுக்கு வேறு பொருள் என்று வகை பிரிக்கிறவர்களுக்கு இந்த வரிகளே பதில். ஒரே புலவர் ஒரே செய்திக்கு இரண்டையும் மாற்றி எடுக்கிறார். 145-இல் மடத்தகை, மாமயில் என்று மகரம் அடுக்கி வருவதும் காதுக்கு இனிமை.

பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி மயில், மஞ்ஞை இரண்டையும் ஒரே பதிவில் வைக்கிறது. இரண்டுக்கும் பொதுவாக எஞ்சுவது மய்/மஞ் என்ற அடி. அது எதைக் குறித்தது? கருமை என்று சொல்வோர் மை-யைக் காட்டுவார்கள். கழுத்தின் அடர்நீலத்துக்குப் பொருந்தும். ஒலிக்குறிப்பு என்று சொல்வோர் பறவையின் குரலைக் காட்டுவார்கள். காலையில் மலைச்சரிவில் நின்று கேட்டால் அது 'மெ'-யில் தொடங்கி 'ஆ'-வில் நீளும். காக்கை, குயில், கூகை என்று குரலால் பெயர்பெற்ற பறவைகள் தமிழில் நிறைய இருப்பதால் குரல் கட்சிக்கு வலு அதிகம் என்று படுகிறது. மை கட்சிக்கு ஒரு நடைமுறைத் தடை: கருமையைக் காட்டும் சொல்லால் பெயரிட வேண்டுமானால், காட்டில் அதைவிடக் கறுத்த பறவைகள் வரிசையில் முன்னால் நிற்கும்.

கொங்குப் பக்கம் வந்தவர்கள் ஒரு குழப்பத்துக்குத் தயாராக இருக்க வேண்டும். சந்தையில் "மயிலைக் காளை" என்று கேட்டால் மயில் நிறத்துக் காளை என்று எண்ண வேண்டாம். காங்கேயம் மாட்டில் சாம்பல் கலந்த வெள்ளைக்கு மயிலை என்று பெயர்; செவலை, காரி என்பதுபோல் நிறப் பெயர். மயில்கழுத்து நிறம் வேறு, அது சேலைக்கடைச் சொல். வயலுக்கு வாங்கும் மயில்துத்தம் நீலம் என்பதால் அந்தப் பெயர் பெற்றது.

நாள் 5: பாதை

பாலக்காடு – திருச்செந்தூர் ரயில் பழனி, திண்டுக்கல், மதுரை வழியாகத் திருநெல்வேலிக்கு வருகிறது. பகல் முழுவதும் அதிலேயே போய்விடும். திருச்செந்தூர் வரை போகிறவர்கள் சூரபதுமன் மயிலான இடத்தைப் பார்க்கலாம். சொல்லுக்குப் புதிதாக எதுவும் கிடைக்காது.

நாள் 6: இடையன்குடி

திருநெல்வேலியிலிருந்து திசையன்விளைப் பேருந்து. அங்கிருந்து இடையன்குடி பக்கம்தான். வழியெல்லாம் பனையும் செம்மண் தேரியும். வெயில் கடுமை, தண்ணீர் கையில் இருக்கட்டும்.

இங்கே மயில் கோயில் எதுவும் இல்லை. இருப்பது திராவிட மொழிகளை ஆராய்ந்த பாதிரியார் கால்டுவெல் 1841-இல் வந்து வாழ்ந்த வீடும், அவர் கட்டி 1880-இல் திறந்த தேவாலயமும். 1891-இல் கொடைக்கானலில் இறந்தவரின் உடல் இந்தத் தேவாலயத்துக்குள்தான் அடக்கம். வீடு இப்போது அரசின் நினைவு இல்லம். ஞாயிறு ஆராதனை நேரத்தைத் தவிர்த்துப் போங்கள்.

தோகை என்ற சொல்லை உலக மேடையில் ஏற்றியவர் இவர். 1856-இல் வந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் அவர் வைத்த வாதம் இது: விவிலியத்தின் முதலாம் இராஜாக்கள் 10:22, இரண்டாம் நாளாகமம் 9:21 ஆகிய இடங்களில் சாலொமோனின் கப்பல்கள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பொன், வெள்ளி, தந்தம், குரங்கு, 'துக்கியீம்' கொண்டுவந்தன. 'ஈம்' எபிரேயப் பன்மை விகுதி. அதை எடுத்துவிட்டால் எஞ்சுவது 'துக்கி'. இது தமிழ்த் 'தோகை'. உலகத்து எழுத்துகளில் பதிவான மிகப் பழைய திராவிடச் சொல் இதுவே.

படிப்படியாகச் சோதிப்போம்.

ஒலி: எபிரேயத்தில் க இரட்டித்திருக்கிறது, தமிழில் ஒற்றை. ஓகாரம் உகரமாகியிருக்கிறது. ஐகாரம் இகரமாகக் குறுகியிருக்கிறது. மூன்றுமே கடன் சொற்களில் நடக்கக்கூடியவை, ஆனால் மூன்றும் ஒரே குட்டிச் சொல்லில் நடந்திருக்க வேண்டும். மேலும் நாளாகமத்தில் இதே சொல் ஓர் எழுத்துக் கூடுதலாக எழுதப்பட்டிருக்கிறது. முதல் உயிரொலியை நீட்டிக் காட்டும் எழுத்து அது.

பொருள்: தோகை என்பது முதலில் உறுப்பின் பெயர். தெலுங்கில் தோக என்றால் எந்த விலங்கின் வாலும்தான். தமிழில் கரும்புத் தோகை, சோளத் தோகை என்று நீண்டு தொங்கும் தாளுக்கும் வரும். உறுப்பின் பெயர் முழுப் பறவைக்கு ஆவது சினையாகுபெயர். 'வெற்றிலை நட்டான்' என்று கொடியைச் சொல்வதுபோல. உள்ளூர்க்காரருக்குப் பறவையின் பெயர் மயில், மஞ்ஞை. அப்படியானால் வெளியூர் வணிகருக்கு மட்டும் ஏன் தோகை? அவர்கள் வாங்கியது பீலிக் கட்டு என்று வைத்துக்கொண்டால் விடை கிடைக்கிறது. குறளின் வண்டியில் ஏறிய பண்டம் துறைமுகத்துக்கும் போயிருக்கும். சரக்கின் பெயரே பின்னால் உயிருள்ள பறவைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கும். இது நம் ஊகம், கால்டுவெல் வாதத்துக்கு இப்படி ஒரு முட்டுக் கொடுக்கலாம் என்பதற்கு மேல் இல்லை.

துணைச்சான்று: பட்டியலில் குரங்குக்கு வரும் 'கோஃப்' என்ற சொல்லை வடமொழிக் 'கபி'யோடு சேர்த்துப் பார்ப்பார்கள். பக்கத்துச் சொல்லும் இந்தியச் சரக்கானால் தோகைக்குப் பலம். மயில் கடல் வழி மேற்கே போனதற்கு இந்தியப் பக்கத்திலும் கதை உண்டு: பாவேரு சாதகக் கதையில் வணிகர்கள் முதலில் காக்கையையும் அடுத்த முறை மயிலையும் பாவேரு நாட்டுக்குக் கொண்டுபோய் விற்கிறார்கள். பாவேரு என்பது பாபிலோன்.

எதிர்ச்சான்று: 'துக்கி' மயில்தானா என்பதே கேள்வி. விவிலியத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் இராஜாக்கள் நூலின் இந்த இடத்தில் மயிலும் இல்லை, குரங்கும் இல்லை, செதுக்கிய கற்கள் இருக்கின்றன. இலத்தீன் மொழிபெயர்ப்பில் மயில் வருகிறது. ஆல்பிரைட் என்ற அறிஞர் எகிப்தியச் சொல்லைக் காட்டி, இதுவும் ஒருவகைக் குரங்குதான் என்றார். இன்றைய எபிரேயத்தில் துக்கி என்றால் கிளி! மயிலுக்கு அங்கே தவாஸ்.

இந்தத் தவாஸ் அடுத்த குழிக்கு வழி. கிரேக்கத்தில் தாஓஸ், அரபியிலும் பாரசீகத்திலும் தாவூஸ். முகலாயரின் மயிலாசனம் தக்த்-இ-தாவூஸ். இவை எல்லாம் 'தோகை'யிலிருந்து என்று இணையத்தில் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். தாஓஸ் கிரேக்கருக்கு அயல்சொல் என்பது உறுதி. ஏதென்சு நகரத்தார் அதன் கடைசி அசையில் தங்கள் மொழிக்கு ஒவ்வாத ஹகர ஒலி கலந்து சொன்னதைப் பழைய கிரேக்க நூலே வியந்து பதிவு செய்கிறது. ஆனால் தோகையின் க எங்கே போனது, ஸ எங்கிருந்து வந்தது என்று காட்டாமல் கோடு இழுக்க முடியாது. துக்கிக்கு வைத்த தராசையே இதற்கும் வைத்தால், இது எடை குறைவு.

நம் கணிப்பு: மயில் வடமொழிக்குப் போனது மிகவும் நம்பத்தக்கது, தோகை எபிரேயத்துக்குப் போனது நம்பலாம், அடித்துச் சொல்ல முடியாது, தோகை கிரேக்கத்துக்குப் போனது வெறும் ஆசை. கால்டுவெல் சொன்ன 'மிகப் பழைய பதிவு' என்பதிலும் காலத்தைக் கவனிக்க வேண்டும். சாலொமோன் காலம் கி.மு. பத்தாம் நூற்றாண்டு, இராஜாக்கள் நூல் இன்றைய வடிவம் பெற்றது கி.மு. ஆறாம் நூற்றாண்டு வாக்கில். கப்பல் வந்த தேதியை எழுத்தின் தேதியாக எடுத்துவிடக் கூடாது.

தேவாலயத்தில் தமிழ் விவிலியம் இருந்தால் அந்த வசனத்தைப் புரட்டிப் பாருங்கள். "குரங்குகளையும், மயில்களையும்" என்று இருக்கும். தோகை என்று போடவில்லை. மொழிபெயர்த்தவர்களுக்குப் பறவையின் பெயர் மயில்தான்.

இங்கிருந்து கடற்கரை ஊரான உவரி கிட்டத்தில் இருக்கிறது. விவிலியத்தின் ஓபீர் துறைமுகம் இந்த உவரிதான் என்று இந்தப் பக்கம் சொல்வதுண்டு. கையில் இருப்பது ஒலி ஒற்றுமை மட்டும். உவர் என்ற தமிழ்ச்சொல் உப்பங்கரை ஊருக்குப் பெயராக நேராகவே பொருந்திவிடுகிறது. கடலைப் பார்க்கப் போவதென்றால் தாராளமாகப் போகலாம். மாலையில் கிராமத்துப் பேருந்துகள் குறைந்துவிடும். திசையன்விளைக்குத் திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரத்தை இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.